தைராய்டு புற்றுக்கு அயோடின் மாத்திரை: போவதற்கு முன்னும் வந்த பின்னும் வீட்டில் செய்ய வேண்டியவை

எங்கள் பக்கம் ரேடியேஷன் என்று யாரும் சொல்வதில்லை, 'கரண்டு வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். என் அக்காவுக்குத் தைராய்டில் புற்று என்று தெரிந்து, ஆபரேஷன் முடிந்து, அடுத்தது ரேடியேஷன் என்று டாக்டர் சொன்னதும், வலங்கைமானில் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாள் கரண்டு வைக்கணுமாம், முடி கொட்டுமா?" என்பதுதான். நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவளுக்குக் கொடுத்தது ஒரே ஒரு மாத்திரை. மெஷின் இல்லை, முடியும் கொட்டவில்லை. ஆனால் அந்த ஒரு மாத்திரைக்காக வீட்டில் செய்ய வேண்டியது ஒரு மாதத்து வேலை, அதில் ஒரு விஷயத்தை நாங்கள் தெரியாமல் கோட்டைவிட்டதில் வைத்தியமே ரெண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனது. இன்னொரு குடும்பத்துக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ரெண்டு பேருக்குத் துணையாக அலைந்தவள். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் ரிப்போர்ட்டைப் பாருங்கள்

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ஹிஸ்டோபேத்தாலஜி ரிப்போர்ட்டை, அதாவது எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுகிற ரிப்போர்ட்டை, கையில் எடுங்கள். தைராய்டு புற்றில் பல வகை உண்டு. பாப்பிலரி, ஃபாலிகுலர் என்று எழுதியிருந்தால் அயோடின் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு இருக்கிறது. மெடுல்லரி என்றிருந்தால் பயனில்லை, ஏனென்றால் அது தைராய்டுக்குள்ளேயே இருக்கும் வேறொரு ரக செல்லிலிருந்து வருவது, அந்த செல்லுக்கு அயோடினே தேவையில்லை. அனாபிளாஸ்டிக் என்ற முரட்டு வகையும் அயோடினை எடுக்காது, அதற்குத்தான் கழுத்தில் மெஷின் வைத்து ரேடியேஷன் கொடுப்பார்கள், கூடவே வேறு மருந்தும்.

ஏன் அயோடின்? தைராய்டு தன் ஹார்மோனைச் செய்ய அயோடின் வேண்டும், உடம்பில் வேறு எந்த உறுப்பையும்விட அதுதான் அயோடினை இழுத்து வைத்துக்கொள்ளும். அதே பழக்கம் பாப்பிலரி, ஃபாலிகுலர் புற்று செல்லுக்கும் ஓரளவு மிச்சமிருக்கிறது. அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடினைக் கொடுத்தால், அந்த செல் எங்கே ஒளிந்திருந்தாலும், கழுத்துக் கட்டியிலோ நுரையீரலிலோ, தேடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். அதிலிருந்து வரும் பீட்டா கதிர் ஒன்று ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல் பாயாது, அதனால் அந்த செல்லைத்தான் பெரும்பாலும் கொல்லும். கூடவே வரும் காமா கதிர் உடம்பை விட்டு வெளியே வருவதால் அதை வைத்து ஸ்கேனில் படம் எடுக்க முடிகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதும் அந்தக் காமாவால்தான். இது புது வைத்தியமே இல்லை. 1941-ல் அமெரிக்காவில் சால் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர், தைராய்டு அதிகமாகச் சுரந்தவர்களுக்கு முதன்முதலில் கதிரியக்க அயோடின் கொடுத்தார். நம் நாட்டில் 1963-லிருந்தே மும்பை கதிரியக்க மருத்துவ மையத்தில் இந்த வேலை நடக்கிறது.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: "எனக்கு இது கட்டாயம் வேண்டுமா?" கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று எங்கள் ஊரில் பலர் வாயே திறப்பதில்லை. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான, நிணநீர் முடிச்சுக்குப் போகாத ஒற்றைக் கட்டிக்குப் பொதுவாக இந்த மாத்திரை தேவைப்படாது. ஆபத்து குறைவான நோயாளிகளுக்கு அயோடின் கொடுத்தும் கொடுக்காமலும் பிரான்சில் மூன்று வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது, 776 பேர் அதில் இருந்தார்கள், கொடுக்காமல் கண்காணிப்பில் மட்டும் வைத்தவர்களுக்கும் பலன் குறைந்துவிடவில்லை. அதே போல 2012-ல் வந்த ரெண்டு பெரிய ஆய்வுகள், இந்த மாதிரி நோயாளிகளுக்கு 100 மில்லிக்யூரி (கதிரியக்க மருந்தை அளக்கிற அலகு) செய்கிற வேலையை 30 மில்லிக்யூரியே செய்கிறது என்று காட்டின. நோய் நிணநீர் முடிச்சுகளுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருந்தால் கணக்கு வேறு, அப்போது 100, 150, சில சமயம் 200 கூடப் போகும். அக்காவுக்குக் கழுத்து முடிச்சுகளில் இருந்ததால் 100 என்று முடிவு செய்தார்கள்.

தேதி வாங்கும்போது

இந்த மருந்து மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது. மும்பையில் அணுசக்தித் துறையின் கீழ் இருக்கும் நிறுவனத்திலிருந்தும், வெளிநாட்டிலிருந்தும், உங்கள் தேதிக்கென்று கணக்குப் போட்டு வரவழைப்பார்கள். அயோடின்-131-ன் அரை ஆயுள் 8 நாள். அதாவது 8 நாளில் பாதி போய்விடும், 16 நாளில் கால்தான் மிச்சம். அறுவடை, நடவு, கல்யாணம் என்று தேதியைத் தள்ளிப்போட நினைத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், கடைசி நேரத்தில் போகாமல் விட்டால் அந்த மருந்து உங்களுக்காகக் காத்திருக்காது.

எல்லா ஊரிலும் இந்த வசதி கிடையாது. நியூக்ளியர் மெடிசின் பிரிவும், ஈயச் சுவர் போட்ட தனி அறையும், கழிவுநீரைப் பிடித்துவைத்துக் கதிர்வீச்சு அடங்கிய பிறகே வெளியே விடும் தொட்டியும் இருக்க வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியும் வேண்டும். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் நியூக்ளியர் மெடிசின் துறை உண்டு, சென்னையிலும் பல இடங்களில் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் நீங்கள் போகிற ஆஸ்பத்திரியில் இந்த வைத்தியத்துக்கு அது செல்லுமா என்று காப்பீட்டு கவுன்டரில் முதலிலேயே கேளுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்குச் சலுகை இருக்கிறது, ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கென்று உள்ள படிவத்தில் ஆஸ்பத்திரிக் கையெழுத்து வேண்டும், முதல் தடவை போகும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். நாங்கள் மூன்றாவது நடையில்தான் அதைத் தெரிந்துகொண்டோம்.

ஒரு மாதத்துக்கு முன்னால்: நாங்கள் கோட்டைவிட்ட இடம்

ஆபரேஷனுக்குப் பிறகு அக்காவுக்கு இருமல் நிற்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தார், ஒரு ஸ்கேன் சென்டரில் நெஞ்சுக்கு சி.டி. எடுத்தோம். ஊசியில் மருந்து ஏற்றி எடுத்தார்கள். "தைராய்டு ஆபரேஷன் ஆகியிருக்கா, அயோடின் ட்ரீட்மென்ட் இருக்கா?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது. மூன்று வாரம் கழித்து, தைராய்டு மாத்திரையை நிறுத்தி, முகமெல்லாம் வீங்கிப்போய், சென்னைக்கு ரயிலேறிப் போய் உட்கார்ந்தால், அங்கிருந்த நியூக்ளியர் மெடிசின் டாக்டர் ஃபைலைப் புரட்டி அந்த சி.டி. ரிப்போர்ட்டில் விரலை வைத்தார். அந்த ஊசி மருந்து முழுக்க அயோடின். உடம்பு ஏற்கெனவே அயோடினில் ஊறிக் கிடக்கிறது, இப்போது மாத்திரை கொடுத்தால் புற்று செல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்றார். திரும்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு எழும்பூர் ஸ்டேஷனில் உழவன் எக்ஸ்பிரஸுக்காக உட்கார்ந்திருந்தபோது அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபைலின் மேல் ஒட்டுங்கள்: அயோடின் வைத்தியம் முடியும்வரை கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. வேண்டாம். ஏற்கெனவே எடுத்திருந்தால் தேதியைச் சொல்லுங்கள், ரெண்டு மூன்று மாதம் இடைவெளி விடச் சொல்வார்கள். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், அதன் அயோடின் பல மாதம் உடம்பில் தங்கும், ஆனால் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காயத்துக்குப் போடும் பெட்டாடின், அதே பெயரில் வாய் கொப்பளிக்கும் மருந்து, இதெல்லாமும் அயோடின்தான். சத்து மாத்திரை, இருமல் டானிக் இருந்தால் அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சித்த மருந்து சாப்பிடுகிறவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள், சங்கு, பவளம், சிப்பி சேர்ந்த பற்பங்கள் கடலிலிருந்து வருபவை.

அடுத்தது தைராய்டு மாத்திரை. வழக்கமாகச் சாப்பிடும் தைராக்ஸினை மூன்று நாலு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சிலருக்கு ஆபரேஷன் முடிந்ததும் ஆரம்பிக்காமலே விட்டுவிடுவார்கள். காரணம் இருக்கிறது: ஹார்மோன் குறைந்தால் மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி, டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாக விட்டு, 'அயோடினை எடு, எடு' என்று தைராய்டு செல்லை விரட்டும். ரத்தத்தில் டி.எஸ்.எச். 30-க்கு மேல் போனால்தான் மாத்திரை கொடுப்பார்கள். நிறுத்தாமலே டி.எஸ்.எச்.சை ஏற்ற ஒரு ஊசியும் உண்டு, விலை மிக அதிகம், ஆனால் இதய நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் அது பெரிய உதவி, அதனால் கேட்டுப் பார்க்கலாம்.

இந்த மூன்று வாரம் வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலிலும் அக்கா போர்வை கேட்டாள். கோலம் போட உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும், பேச்சு இழுக்கும், மலச்சிக்கல், கண்ணைச் சுற்றி வீக்கம், சின்ன விஷயத்துக்கு அழுகை. சோம்பேறித்தனம் என்று தயவுசெய்து யாரும் வாய்விடாதீர்கள், ஹார்மோன் இல்லாத உடம்பு அப்படித்தான் இருக்கும். வண்டி ஓட்ட விடாதீர்கள், தனியாக அடுப்படியில் விடாதீர்கள். மாத்திரை கொடுத்து ரெண்டு மூன்று நாளில் தைராக்ஸினைத் திரும்ப ஆரம்பிப்பார்கள், தெளிவு வர சில வாரம் ஆகும்.

அடுப்படி

மாத்திரைக்கு முன் ஒன்றிலிருந்து ரெண்டு வாரம் அயோடின் குறைந்த சாப்பாடு. ஒரு நாளைக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு, அதாவது உடம்பை அயோடினுக்காகப் பட்டினி போடுவது. பசித்துக் கிடக்கும் செல்தான் மாத்திரை வந்ததும் விழுந்தடித்து எடுக்கும். ஆஸ்பத்திரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தப் பசியை உண்டாக்குவது நம் வீட்டு அடுப்படிதான், வேறு யாராலும் முடியாது.

முதல் பிரச்சினை உப்பு. கடையில் சாப்பாட்டுக்கென்று விற்கிற உப்பு அயோடின் சேர்த்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று 2006-லிருந்து நாடு முழுக்க விதி. அது ஊருக்கு நல்லதுதான், ஆனால் இந்த ரெண்டு வாரம் நமக்கு ஆகாது. வேதாரண்யம் பக்கத்தில் இருக்கிறதே, அங்கே உப்பளத்திலிருந்து மூட்டையாகக் கல்லுப்பு வாங்கிக்கொள்ளலாமே என்று அத்தான் கிளம்பிவிட்டார். கேட்டதற்கு டாக்டர், கடல் உப்பையும் தவிர்ப்பது நல்லது, இந்துப்பு வாங்குங்கள், ஆனால் பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள் என்றார். அப்படிப் பார்த்து வாங்கி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டி, மூடியில் அக்கா பெயரை எழுதி வைத்தோம். பழைய உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டோம், பழக்கதோஷத்தில் கை அங்கேதான் போகும். வீட்டில் எல்லாரும் அந்த ரெண்டு வாரம் ஒரே சமையல் சாப்பிட்டோம், தனித்தனியாகச் சமைத்தால் எங்காவது மாறிப்போகும்.

அப்புறம் கடலில் இருந்து வருவது எதுவும் கூடாது. நாகப்பட்டினத்து வஞ்சிரம், இறால், நண்டு, கருவாடு எல்லாம் ஒதுக்க வேண்டும். கடல்பாசியும் கூடாது. நோன்புக் காலத்தில் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் வீட்டுக்கு வீடு கடல்பாசி செய்து கொடுத்தனுப்புவார்கள், ஆசையாக வந்தாலும் அந்த ரெண்டு வாரம் வேண்டாம். ஆற்று மீனும் குளத்து மீனும் ஆகும் என்று சில இடத்தில் சொல்வார்கள், சில இடத்தில் மீனே வேண்டாம் என்பார்கள், குழப்பத்துக்கு விட்டுவிடுவதே நல்லது. பால், தயிர், மோர், நெய், வெண்ணெய் நிறுத்த வேண்டும். தஞ்சாவூர்க்காரிக்கு இதுதான் உண்மையான தண்டனை: ரெண்டு வாரம் டிகிரி காப்பி இல்லை, தயிர்சாதம் இல்லை. அக்கா பால் இல்லாமல் வரக்காப்பி குடித்தாள், மூன்றாம் நாள் பழகிவிட்டது. முட்டையில் மஞ்சள் கரு கூடாது, வெள்ளை சாப்பிடலாம். சோயா வேண்டாம். பேக்கரி ரொட்டி, பிஸ்கட், மிக்சர், ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய் எல்லாவற்றிலும் கடை உப்பு. ஹோட்டல் சாப்பாடு வேண்டாம், கோயில் புளியோதரையைக்கூட நெற்றியில் ஒற்றிக்கொண்டு பக்கத்திலிருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். கேக்கில் வைக்கிற பளபளப்பான சிவப்பு செர்ரியும் வேண்டாம், அந்த நிறமியிலும் அயோடின் உண்டு.

அப்படியென்றால் என்னதான் சாப்பிடுவது? சோறு, பருப்பு, காய்கறி, பழம், வீட்டில் அரைத்து இந்துப்பு போட்ட மாவில் இட்லி, கறிவேப்பிலைத் துவையல், மிளகு ரசம், வாழைத்தண்டுப் பொரியல், வறுத்த வேர்க்கடலை. நம் ஊர்ச் சாப்பாட்டில் முக்கால்வாசி அப்படியே ஆகும், உப்பும் பாலும் மட்டும் போய்விடுகிறது. ரயிலிலும் லாட்ஜிலும்தான் கஷ்டம், அதற்கு எலுமிச்சம்பழச் சோறும் இட்லியும் கட்டிக்கொண்டு போனோம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை

கர்ப்பமாக இருக்கும்போது இந்த மாத்திரை கூடவே கூடாது, குழந்தையின் தைராய்டையும் அது அழித்துவிடும். அதனால் கல்யாணமாகாத பெண்ணாக இருந்தாலும் பரிசோதனை செய்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு அம்மாக்கள் சண்டை போட வேண்டாம், விதி எல்லாருக்கும் ஒன்றுதான். பால் கொடுக்கும் தாயாக இருந்தால் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், சில டாக்டர்கள் 3 மாதம் என்பார்கள், அந்தக் குழந்தைக்கு மறுபடி தாய்ப்பால் கொடுக்கவும் கூடாது. அடுத்த குழந்தைக்கு 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். ஆண்களுக்கும் நாலிலிருந்து ஆறு மாதம் இந்தக் கட்டுப்பாடு உண்டு. இந்தக் கெடு முடிந்த பிறகு குழந்தை பெற்றுக்கொள்ள இந்த மாத்திரை தடை இல்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

தனி அறையில்

பையில் பழைய நைட்டி, பழைய துண்டு, தூக்கிப்போட மனசு வரும் சாமான்கள் மட்டும் வையுங்கள், அளந்து பார்க்கும்போது கதிர்வீச்சு காட்டினால் சிலவற்றை அங்கேயே விட்டுவர நேரும். செல்போனை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். நகை வேண்டாம், தாலிக்கொடியைப் பற்றி முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், எங்கள் அம்மா அதற்கு ஒரு மஞ்சள் கயிறு வாங்கிக் கட்டிவிட்டார்.

மாத்திரை வந்த விதத்தை அக்கா இன்னும் சொல்வாள். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு ஈயக் குப்பி, ஆனால் டாக்டர் அதை ரெண்டு கையாலும் தூக்கி வந்தாராம், அவ்வளவு கனம். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி, அதற்குள் சாதாரண கேப்ஸ்யூல். கையால் தொடக்கூடாது, புட்டியை அப்படியே வாயில் கவிழ்த்து, ஒரு டம்ளர் தண்ணீர். ருசி இல்லை, சூடு இல்லை, வலி இல்லை. அதற்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் வெறும் வயிறு. அவள் விழுங்கியதும் எல்லாரும் வெளியே போனார்கள், கதவு மூடியது, அதுதான் அவளைப் பயமுறுத்தியதாம், மாத்திரை இல்லை.

அங்கே அவளுடைய வேலை ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது. செல் எடுத்துக்கொள்ளாத மருந்தில் பெரும்பகுதி முதல் ரெண்டு நாளிலேயே சிறுநீரில் போய்விடும், தேக்கி வைத்தால் மூத்திரப்பைக்குத்தான் வீண் கதிர்வீச்சு. ஆண்களும் உட்கார்ந்தே போக வேண்டும், ரெண்டு தடவை ஃப்ளஷ் செய்ய வேண்டும். மலம் ஒழுங்காகப் போக மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் குளிக்க வேண்டும், வியர்வையிலும் வரும். உமிழ்நீர்ச் சுரப்பியும் கொஞ்சம் அயோடினை எடுப்பதால் கன்னத்தில் வீக்கம், வாய் உலர்வது, ருசி மாறுவது வரலாம். எலுமிச்சைத் துண்டோ புளிப்பு மிட்டாயோ சுவைத்தால் எச்சில் ஊறி வெளியேறும், எப்போது ஆரம்பிப்பது என்று கேட்டுச் செய்யுங்கள், பலர் ஒரு நாள் கழித்து என்பார்கள். வாந்தி வருகிற மாதிரி இருந்தால் அடக்காமல் உடனே போனில் சொல்ல வேண்டும்.

ரெண்டு மூன்று நாளில், ஒரு மீட்டர் தள்ளி நின்று கதிர்வீச்சுக் கருவியில் அளந்து, அளவு இறங்கியதும் அனுப்புவார்கள். சில நாள் கழித்து உடம்பு முழுக்க ஸ்கேன் எடுப்பார்கள், மருந்து எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று அதில் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு

பஸ்ஸில் கூட்டத்தோடு வர வேண்டாம். கார் பிடித்து, டிரைவருக்குக் குறுக்கு மூலையில் பின் சீட்டில் உட்காருங்கள். எத்தனை மணி நேரப் பயணம் என்று கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் முன்பே சொல்லி அனுமதி கேளுங்கள், தூரம் அதிகம் என்றால் ஒரு நாள் கூட வைத்துக்கொள்வார்கள்.

எத்தனை நாள் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது மருந்தின் அளவைப் பொறுத்தது, டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். பொதுவாக ஒன்றிலிருந்து ரெண்டு வாரம் தனிப் படுக்கை, குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் ரெண்டு மீட்டர் தூரம். ரெண்டு மீட்டர் என்றால் எவ்வளவு என்று அம்மா கேட்டதற்கு அத்தான் தன் நாலு முழ வேட்டியை விரித்துக் காட்டினார், இதைவிட ஒரு சாண் கூட என்று. தூரம் ரெண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால்வாசியாகிவிடும், அதனால் ஒரு எட்டு பின்னால் போவதுகூடப் பெரிய பாதுகாப்பு. அக்காவின் மகளுக்கு அப்போது நாலு வயது. அக்கா உள் திண்ணையில், குழந்தை முற்றத்துக்கு அந்தப் பக்கம் தூணைக் கட்டிக்கொண்டு, ரெண்டு பேரும் அப்படியே கதை பேசிக்கொண்டிருப்பார்கள். முடிந்தால் குழந்தையைப் பத்து நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், கண்ணெதிரில் இருந்து தூக்காமல் இருப்பது ரெண்டு பேருக்கும் கொடுமை.

தட்டு, டம்ளர் தனி. துணியைத் தனியாகத் துவையுங்கள். கழிப்பறை ரெண்டு ஃப்ளஷ். நம் பக்கத்துக்கென்று ரெண்டு விஷயம்: வெற்றிலை போடுகிறவர்கள் அந்த ரெண்டு வாரம் கண்ட இடத்தில் துப்பக் கூடாது, செல்லப்பெட்டியை மற்றவர்களோடு பகிரவும் கூடாது, எச்சிலில் அயோடின் வரும். ஆறு, வாய்க்கால், குளத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம், வீட்டுக் குளியலறையிலேயே குளியுங்கள். அக்கா வந்த ரெண்டாம் நாள் ஆடிப்பெருக்கு, படித்துறைக்குப் போகாமல் வீட்டிலேயே செம்பில் காவிரித் தண்ணீர் வைத்துக் கும்பிட்டாள்.

அதற்கு மேல் பயப்படத் தேவையில்லை. அவள் தொட்ட கதவு விஷமாகிவிடாது, புற்று ஒட்டிக்கொள்ளாது. சீட்டில் எழுதிய நாள் முடிந்ததும் எப்போதும் போலச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆறு மாதம் கழித்தும் தனி டம்ளர் வைத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பெண்ணுக்கு நோயைவிட அது அதிகமாக வலித்தது.

மெஷின் வைக்கிறவர்களுக்கு

மன்னார்குடியில் என் பெரியப்பாவுக்குப் பிட்யூட்டரியில் கட்டி. மோதிரம் இறுகியது, செருப்பு அளவு ஏறியது, தாடை நீண்டது, வளர்ச்சி ஹார்மோன் அதிகம் என்று கண்டுபிடிக்கப் பல வருடம் ஆயிற்று. மூக்கு வழியாக ஆபரேஷன் செய்தும் ஓரத்தில் கொஞ்சம் எடுக்க முடியாமல் நின்றுவிட்டது. அதற்குத்தான் மெஷின், நிஜமாகவே 'கரண்டு', ஆனால் மின்சாரம் உடம்பில் ஏறுவதில்லை, ஷாக் அடிக்காது, எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு வலுவான கதிர், அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 1.8 கிரே (உடம்பு வாங்குகிற கதிரின் அளவு) வீதம் 28 நாள், திங்கள் முதல் வெள்ளி வரை. கட்டி சின்னதாக, கண் நரம்பிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் ஒரே நாளில் முடிக்கிற காமா நைஃப் மாதிரி முறையும் உண்டு, ஒட்டியிருந்தால் இப்படிப் பிரித்துக் கொடுப்பதே கண்ணுக்குப் பாதுகாப்பு.

முதல் நாள் ஒரு பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் போட்டு இளக்கி முகத்தின் மேல் அழுத்துவார்கள், அது ஆறி இறுகி முகமூடியாகிவிடும். தலை ஒரு மில்லிமீட்டர்கூட அசையாமல் இருக்கத்தான் அது. மூச்சு முட்டாது, வலையில் ஓட்டை இருக்கிறது. பயமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பெரியப்பா சொல்லாமல் இருந்து ரெண்டு நாள் நெஞ்சு படபடத்தார். அன்றிலிருந்து முடி வெட்டவோ தாடி வளர்க்கவோ வேண்டாம், முகமூடி பொருந்தாமல் போகலாம். தினமும் உள்ளே போய் வர கால் மணி நேரம்.

இதன் பலன் உடனே தெரியாது, ஹார்மோன் இறங்க வருடங்கள் ஆகலாம், அதுவரை மருந்து தொடரும். கூடவே நல்ல பிட்யூட்டரியும் மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும், அஞ்சு பத்து வருடம் கழித்துக்கூட. அதனால் நன்றாக இருக்கிறோம் என்று விட்டுவிடாமல் வருடா வருடம் ஹார்மோன் பரிசோதனை செய்யுங்கள். அப்படிச் சோர்ந்ததில் குறைந்த ஹார்மோனுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை சாப்பிடுகிற நிலை வந்தால் காய்ச்சல் வரும் நாளில் அளவைக் கூட்ட வேண்டும், எவ்வளவு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிப் பர்ஸில் வையுங்கள், வாந்தி எடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் உடனே ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அட்ரினல், கணையக் கட்டிகளைப் பற்றி எனக்கு நேர் அனுபவம் இல்லை, வார்டில் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துத் தெரிந்தது கொஞ்சம். பெரும்பாலும் ஆபரேஷன்தான் முதல். பரவிய கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு (ஹார்மோன் செல்லிலிருந்து வரும் கட்டி) லுட்டீசியம்-177 என்ற கதிரியக்க மருந்தை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள், 8 வாரத்துக்கு ஒன்றாக நாலு தடவை, கிட்னியைக் காக்க அமினோ அமிலமும் கூடவே ஏறும். ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அட்ரினல் கட்டி பரவியிருந்தால் சிலருக்கு எம்.ஐ.பி.ஜி. என்ற பொருளில் அயோடின்-131-ஐ ஏற்றிக் கொடுப்பது உண்டு. அதில் தைராய்டைக் காப்பாற்ற முன்னாடியே சாதாரண அயோடின் கொடுத்து நிரப்பிவிடுவார்கள், அக்காவுக்குச் செய்ததற்கு நேர் எதிர். ஆகவே அடுத்தவர் சீட்டைப் பார்த்து நீங்கள் பத்தியம் இருக்காதீர்கள்.

மறக்காமல்

பத்தியம் முடிந்ததும் அயோடின் உப்பைப் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். இந்துப்பே உடம்புக்கு நல்லது என்று அப்படியே தொடர்ந்துவிட்டால் வீட்டுக் குழந்தைகளுக்கு அயோடின் குறைந்துபோகும். தைராக்ஸின் காலையில் வெறும் வயிற்றில், காப்பிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால், கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் நாலு மணி நேர இடைவெளி. டாக்டர் சொல்கிற இடைவெளியில் ரத்தத்தில் தைரோகுளோபுலின் (தைராய்டு செல் செய்கிற புரதம்), அதன் எதிர்ப்பொருள், டி.எஸ்.எச்., கூடவே கழுத்து ஸ்கேன். ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள், எத்தனை மில்லிக்யூரி எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள், மறுபடி கொடுக்க நேர்ந்தால் மொத்தக் கணக்கு முக்கியம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகிறவர்களாக இருந்தால் மூன்று மாதம் வரை விமான நிலையக் கருவி சத்தம் போட வாய்ப்பு உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து தேதி போட்ட ஆங்கிலக் கடிதம் ஒன்று வாங்கிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.